பாடசாலைப் பிள்ளைகளும் ஓட்டிச நிலையும்

கல்விக் கூடம் ஒன்றன் விழா மலரைப் புரட்டுவார் அதன்கண் பெரும்பாலும் வெற்றிகளின் வரலாற்றையே காண்பர். பல்கலைக்கழகம் புகுந்தோர் இத்துணையர், விளையாட்டில் வாகை சூடியோர் இத்துணையர் எனக் கணக்கிட்டு மகிழ்தல் விழாவுக்குப் பொருத்தமே. ஆயினும், கணக்கில் ஏறாத மாணாக்கர் சிலரும் ஒவ்வொரு பாடசாலையிலும் இருந்தே வந்துள்ளனர். முதலாந் தரத்திற் சேர்ந்து மூன்றாந் தரத்துக்குள் நின்றுவிட்டோர் அவருட் சிலர். நில்லாது தொடர்ந்தும், குழப்படிக்காரன், ஊமையன், விசரன் என்னும் பெயர்களுள் ஒன்றைச் சுமந்துகொண்டு கடைசி வாங்கில் அமர்ந்திருந்தோர் வேறு சிலர். கணிதத்தில் நூற்றுக்கு நூறு பெற்றும், ஒரு நண்பனையேனும் பெறாது வெளியேறியோர் இன்னுஞ் சிலர். இவர்களுள் ஒரு பகுதியினர் ஓட்டிசம் என்னும் நிலையை உடையவராய் இருந்திருத்தல் கூடும். அந்நிலை யாது, அஃது எத்துணைப் பிள்ளைகளிடத்துக் காணப்படுகின்றது, அவ்வெண்ணிக்கை நம் பாடசாலைகளுக்கு உணர்த்துவது யாது என்பவற்றைப் பழைய மாணவர்க்கும், இளைய மாணவர்க்கும், உடன் பணியாற்றும் ஆசிரியர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் பொருளும்

பொருளை ஆராயுமுன் பெயரை ஆராய்தல் தமிழாசிரியர் வழக்கம். கிரேக்க மொழியில் 'தான்' எனப் பொருள்படும் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. சுவிற்சர்லாந்து நாட்டு மனநோய் வைத்தியர் யூஜின் புளூலர் என்பார் 1911ஆம் ஆண்டளவில், வளர்ந்த நோயாளர் சிலர் புறவுலகை விடுத்துத் தம்முள் ஒடுங்கும் தன்மையைக் குறிக்க இதனை ஆண்டார். பின்னரே இது பிள்ளைகளின் வளர்ச்சி நிலை ஒன்றுக்கு உரியதாயிற்று.

தமிழில் இதற்குப் பெயர்கள் பல வழங்குகின்றன. ஈழத்தில் ஓட்டிசம் என்றும், தமிழகத்தில் ஆட்டிசம் என்றும் ஒலிபெயர்ப்பாக எழுதுவர். மதியிறுக்கம் என்பது ஒரு மொழிபெயர்ப்பு. தன்முனைப்பு என்னும் சொல்லை உள்ளடக்கிய தொடர்களை ஆள்வாரும் உளர். இவற்றை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். தன்முனைப்பு என்பது செருக்கையும் தன்னலத்தையும் உணர்த்தும் சொல். ஒரு பிள்ளையின் பிறவி இயல்புக்கு அப்பெயரைச் சூட்டின், பிள்ளை வேண்டுமென்றே பிறரைப் புறக்கணிக்கின்றது என்ற பிழையான கருத்தைப் பெயரே ஊட்டிவிடும். மதியிறுக்கம் என்பதோ அறிவே இறுகிவிட்டது என்று கொள்ளவும் இடந்தருகின்றது. இந்நிலையினருட் பலர் கூர்த்த மதியினர் என்பதற்கு அஃது ஒவ்வாது. கலைச்சொல் ஆக்கத்துக்குப் பெரிதும் உழைத்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த நாட்டினராகிய நாம், நல்லதொரு தமிழ்ச்சொல் நிலைபெறும்வரை, பிழைபட்ட பொருளை ஏற்றாத ஒலிபெயர்ப்பாகிய ஓட்டிசம் என்பதையே ஆளுதல் தக்கது. இக்கட்டுரையிலும் அதுவே ஆளப்படுகின்றது.

2. நிலையின் இயல்பு

ஓட்டிசம் என்பது நோயன்று, தொற்றுவதுமன்று. மூளையின் வளர்ச்சியில் குழந்தைப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுதும் உடன்வரும் வேறுபாடு ஆகும். அதன் கூறுகள் இரண்டு. பிறரோடு உறவாடுதலிலும் கருத்துப் பரிமாறுதலிலும் காணப்படும் வேறுபாடு ஒன்று. செய்ததையே மீளச் செய்தல், மாற்றத்தை ஏலாமை, ஒரு பொருளில் மிக்க ஆழமான நாட்டம், ஒலி ஒளி தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பன மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்து, அன்றாட வாழ்வில் இடர் விளைக்கும்போதே வைத்தியர் இப்பெயரை இடுவர்.

தமிழ் பேசும் பிள்ளையிடத்து இக்கூறுகள் மொழியில் எவ்வாறு வெளிப்படும் என்பது ஆசிரியர்க்கு இன்றியமையாத செய்தி. இப்பிள்ளைகளுட் சிலர் கேட்ட தொடரைக் கேட்டவாறே திருப்பிச் சொல்வர். "பசிக்குதா மகன்?" என்று தாய் கேட்பதைப் பலகாற் கேட்ட பிள்ளை, தன் பசியை அறிவிக்க வேண்டிய வேளையிலும் "பசிக்குதா மகன்?" என்றே சொல்லும். நம் மொழியில் வினைமுற்றின் விகுதியே தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தைக் காட்டுவது. 'வந்தேன்' எனற்பாலதை 'வந்தாய்' என்று ஒரு பிள்ளை தொடர்ந்து கூறிவரின், அதனை இலக்கணப் பிழையென்று திருத்துவதோடு அமையாது, அஃது ஏன் நிகழ்கின்றது என்று நோக்குதல் வேண்டும்.

இனி, சொல்லின் நேர்ப்பொருளையன்றிக் குறிப்புப் பொருளை உணர இடர்ப்படுவோரும் இவருள் உளர். 'நாளைக்கு இந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வாருங்கள்' என்று ஆசிரியர் கூற, வகுப்பு முழுதும் பொருளுணர்ந்து சிரிக்கும். ஒரு பிள்ளை மட்டும் திகைத்திருக்கும். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இருவேறாகிய நம் மொழியில், விளையாட்டு மைதானத்திலும் புத்தக நடையிலேயே பேசி, நண்பரின் எள்ளலுக்கு ஆளாகும் பிள்ளையும் உண்டு. பேச்சே வாராத பிள்ளைகளும் இந்நிலையினருள் உளர். ஆதலின், ஓட்டிசம் என்பது ஒரே அச்சில் வார்த்த உருவன்று. எல்லையின் ஒரு புறத்தே நாள்தோறும் பிறர் துணை வேண்டுவோரும், மறுபுறத்தே பட்டம் பெற்றுப் பணியாற்றுவோரும் அமைய விரிந்து கிடக்கும் நிறமாலை போன்றது.

3. எண்ணிய வரலாறு

1925ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரில் குரூனியா சுகரேவா என்னும் பெண் வைத்தியர் இத்தகைய இயல்புடைய ஆறு சிறுவரைப் பற்றி எழுதினார். அஃது உலகத்தார் கவனத்தை அன்று பெறவில்லை. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கனர் என்பார் பதினொரு பிள்ளைகளை விவரித்து எழுதிய கட்டுரையே இத்துறையின் வாயிலைத் திறந்தது. அவருள் எண்மர் ஆண்பிள்ளைகள், மூவர் பெண்பிள்ளைகள். அடுத்த ஆண்டில் வியன்னா நகரத்து ஹான்ஸ் அஸ்பேர்கர், பேச்சுவன்மை மிக்கவராயினும் உறவாடல் அறியாத சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

இவர்கள் தம்மிடம் வந்த பிள்ளைகளை விவரித்தனரேயன்றி, வாராதவர்களைத் தேடிச் சென்று எண்ணினாரல்லர். ஒரு நிலப்பரப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் நோக்கி எண்ணும் முயற்சியைத் தொடங்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த விக்டர் லொட்டர் ஆவர். மிடில்செக்ஸ் பகுதியில் 8 முதல் 10 வயது வரையுள்ள ஏறத்தாழ 78,000 பிள்ளைகளை அவர் ஆராய்ந்து, 1966இல் வெளியிட்ட முடிவு, 10,000 பிள்ளைகளுக்கு 4.5 பேர் என்பது. இதனால் ஓட்டிசம் மிக அரிய நிலை என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது.

1979ஆம் ஆண்டில் லோர்ணா விங், யூடித் கூல்ட் என்னும் இருவர் இலண்டனின் கம்பர்வெல் பகுதியை ஆராய்ந்தனர். கனர் வகுத்த இலக்கணம் முற்றும் பொருந்தாவிடினும், அதே இடர்களை உடைய பிள்ளைகள் மேலும் பலர் உளர் என்பதை அவர்கள் காட்டினர். நிறமாலை என்னும் கருத்து இவ்வழியிற் பிறந்ததே. அதன்பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. இங்கிலாந்தின் தென் தேம்ஸ் பகுதியில் 9, 10 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கணக்கு, 10,000 பேருக்கு 116 என்றது. அமெரிக்காவில் 8 வயதுப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்த இடங்களில் தொடர்ந்து எண்ணி வருகின்றனர். அவ்வெண்ணிக்கை 2000ஆம் ஆண்டில் 150 பேருக்கு ஒருவர். 2010இல் 68 பேருக்கு ஒருவர். 2020இல் 36 பேருக்கு ஒருவர். 2022இல் 31 பேருக்கு ஒருவர்.

ஆசிய நாட்டுக் கணக்கொன்று நம் கருத்துக்கு மிக இன்றியமையாதது. தென்கொரியாவின் கோயாங் நகரில் 7 முதல் 12 வயது வரையுள்ள 55,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் குறித்து நிகழ்ந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதன் மதிப்பீடு நூற்றுக்கு 2.64 என்பது. வியப்புக்குரியது அவ்வெண் அன்று. அவ்வாறு கண்டறியப்பட்டோருள் மூன்றில் இரு பங்கினர் சாதாரண பாடசாலைகளில், சாதாரண வகுப்புகளில், எவராலும் அறியப்படாமலும் எவ்வித துணையுமின்றியும் கற்றுக்கொண்டிருந்தனர் என்பதே வியப்புக்குரியது.

4. பெருகியது நிலையா, கணக்கா?

பத்தாயிரத்துக்கு ஐவர் என்பது நூற்றுக்கு மூவர் என ஆயிற்றே, இஃது ஒரு கொள்ளைநோய் போற் பரவுகின்றதோ என்று அஞ்சுவார் பலர். இவ்வையத்தை நம் வாவியில் தொழில் செய்வார் எளிதில் நீக்குவர். பெரிய கண் வைத்த வலையை வீசியவன் பெருமீன் சிலவற்றோடு கரை சேர்வான். அடுத்தநாள் சிறுகண் வலையை வீசின், அதே நீரில் பன்மடங்கு பெறுவான். ஓரிரவிற்குள் வாவியில் மீன் பெருகிவிட்டது என்று அவன் கருதமாட்டான். வலை மாறியது என்றே கூறுவான்.

ஓட்டிசத்தைப் பொறுத்தும் வலை மாறியுள்ளது. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கையேடு 1980இல் இதற்கு முதன்முறையாகத் தனியிடம் தந்தது. 1994இல் அஸ்பேர்கர் விவரித்த வகையினரையும் சேர்த்துக்கொண்டது. 2013இல் அனைத்தையும் ஒரே நிறமாலையாகத் தொகுத்தது. கவனக் குறைவும் மிகையியக்கமும் உள்ள பிள்ளைக்கு ஓட்டிசம் என்னும் பெயரையும் உடன் இடலாம் என்ற இசைவும் 2013இல் வந்ததேயாம். முன்னர் அறிவு வளர்ச்சிக் குறைவு என்று மட்டும் எழுதப்பட்ட பிள்ளைகளுட் பலர் இன்று ஓட்டிசம் என்றும் எழுதப்படுகின்றனர். பெற்றோரும் ஆசிரியரும் அறிவு பெற்றமையும், துணைபெறுதற்கு அப்பெயர் வேண்டப்படுதலும் பிற காரணங்கள்.

இதற்குச் சான்றுகள் உண்டு. டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்த பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தோர், அங்கு எண்ணிக்கை ஏறியமையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு, வரைவிலக்கணமும் பதியும் முறையும் மாறியதனால் விளைந்தது என்று 2015இல் காட்டினர். சுவீடனில் அதே ஆண்டில் வெளிவந்த ஆய்வு, பத்தாண்டுக் காலத்தில் வைத்தியர் இட்ட பெயர்கள் பெருகினவேனும், பிள்ளைகளிடத்துக் காணப்பட்ட இயல்புகளின் அளவு பெருகவில்லை என்று கண்டது. 2022ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கக் கணக்கிலும், ஓரிடத்தில் 103 பேருக்கு ஒருவராகவும் வேறோரிடத்தில் 19 பேருக்கு ஒருவராகவும் எண்ணிக்கை வேறுபடுகின்றது. ஒரே நாட்டிற் பிள்ளைகளின் மூளை ஊருக்கு ஊர் ஐந்து மடங்கு மாறுபடுதல் நம்பத்தக்கதன்று. தேடுவோரும் தேடும் வசதியும் மாறுபடுகின்றன என்பதே பெரிதும் பொருந்தும். காலந்தாழ்த்த பெற்றோர் வயது, குறைமாதக் குழந்தைகள் உயிர்பிழைத்தல் முதலியன எண்ணிக்கையை ஓரளவு உண்மையாகவே உயர்த்தியிருத்தலும் கூடும். ஆயினும் பெரும்பங்கு வலையினுடையதே.

5. இலங்கையும் இந்தியாவும்

இலங்கையில் இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டியவர் கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா ஆவர். அவரும் உடன்பணியாற்றியோரும், அரைநகர்ப் பகுதியொன்றில் 18 முதல் 24 மாதம் வரையுள்ள 374 குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். நால்வரிடத்து ஓட்டிச நிலை உறுதிசெய்யப்பட்டது. இது நூற்றுக்கு 1.07, அஃதாவது ஏறத்தாழ 93 குழந்தைகளுக்கு ஒருவர்.

இவ்வெண்ணைக் கையாளுமிடத்து மாணாக்கர் ஒரு பாடம் கற்றல் வேண்டும். 374 என்பது சிறிய தொகை. நால்வர்க்குப் பதிலாக இருவரோ அறுவரோ அகப்பட்டிருப்பின் விழுக்காடு பெரிதும் மாறியிருக்கும். புள்ளிவிவர இயல் வகுக்கும் முறைப்படி கணக்கிடின், உண்மை எண்ணிக்கை ஆயிரத்துக்கு 3 முதல் 27 வரை எங்கும் அமையலாம். ஆதலின் 1.07 என்பதனைத் தசம புள்ளியோடு மனனஞ் செய்வதினும், 'நூற்றுக்கு ஒருவர் அளவினர்' என்று கொள்ளுதலே அறிவுடைமை.

அவ்வாய்வு மற்றொரு பாடத்தையும் புகட்டியது. மேலைநாட்டில் ஆக்கி, தாய்மார் விடை எழுதுமாறு அமைத்த வினாக்கொத்து, அந்நால்வருள் ஒருவரையே இனங்காட்டியது, மூவரைத் தவறவிட்டது. வினாவை மொழிபெயர்த்தல் எளிது. வினவும் முறையை ஒரு நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப அமைத்தலே அரிது. இதனை உணர்ந்து, பிள்ளைகளின் நடத்தையைப் படங்களாகக் காட்டித் தாயிடம் வினவும் முறையொன்றை அப்பேராசிரியர் குழுவினர் ஆக்கி 2017இல் வெளியிட்டனர்.

இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 பிள்ளைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வு, ஓட்டிசத்தோடு கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, வலிப்பு, கற்றல் இடர் முதலிய நரம்பியல் வளர்ச்சி இடர்களையும் சேர்த்து எண்ணியது. ஆறு வயதுக்குக் குறைந்தோரில் நூற்றுக்கு 9.2 பேரும், 6 முதல் 9 வயது வரையினரில் நூற்றுக்கு 13.6 பேரும் இவற்றுள் ஒன்றேனும் உடையவராயிருந்தனர். உலக சுகாதார நிறுவனம், எல்லா வயதினரையும் சேர்த்து, 2021இல் 127 பேருக்கு ஒருவர் ஓட்டிச நிலையினர் என மதிப்பிடுகின்றது.

6. நம் வகுப்பறைக் கணக்கு

இனி, இவ்வெண்களை நம் வகுப்பறைக்குள் கொணர்வோம். நூற்றுக்கு ஒருவர் என்று குறைந்த அளவாகவே கொள்வோம். ஆயிரம் பிள்ளைகள் பயிலும் பாடசாலையில் பதின்மர் இருத்தல் வேண்டும். ஆண்பிள்ளைகளிடத்து இந்நிலை பெண்பிள்ளைகளினும் மும்மடங்கு முதல் நான்மடங்கு வரை மிகுதியாகக் கண்டறியப்படுகின்றமையின், ஆண்கள் மட்டும் பயிலும் பாடசாலையாயின் பதினைவர் அளவினர் ஆவர். பெண்பிள்ளைகள் தம் இடரை மறைத்து, பிறரைப் பார்த்து நடந்துகொள்ளும் திறத்தால் கணக்கினின்றும் தப்பிவிடுதலும் உண்டு. ஆதலின் மகளிர் பாடசாலையார் தமக்கு இச்செய்தி வேண்டா என்று இருத்தல் தகாது.

நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஒருவரேனும் இருப்பதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று. ஆண்டுக்கு நாற்பது புதிய பிள்ளைகளை ஏற்று இருபதாண்டு கற்பித்த ஆசிரியர் ஒருவர் எண்ணூறு பிள்ளைகளைக் கண்டிருப்பார். அவருள் எண்மர் இந்நிலையினராய் இருந்திருப்பர். 'என் வகுப்பில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை' என்று ஓர் ஆசிரியர் கூறின், அஃது அவர் நற்பேற்றைக் காட்டுவதன்று. பிள்ளைகளைப் பெயரறியாமற் கடந்துவந்தமையையே பெரும்பாலும் காட்டுவதாகும்.

7. கணக்கில் அகப்படாமை ஏன்?

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இப்பிள்ளைகள் இலர் அல்லர், இனங்காணப்படவில்லை. காரணங்கள் பல.

முதலாவது, வீட்டார் அச்சம். குடியும் வயிற்றுவாரும் பார்த்து மணம் பேசும் நம் நாட்டில், ஒரு பிள்ளைக்கு இத்தகைய பெயர் வந்துவிடின் மூத்த பெண்ணின் திருமணத்துக்கு இடையூறாகுமோ என்று பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சத்தால் பிள்ளை வீட்டுக்குள்ளேயே வளரும். இரண்டாவது, பிழையான காரணங் கற்பித்தல். கண்ணூறு என்றும், செய்வினை என்றும், தெய்வக் குற்றம் என்றும் கருதிக் கழிப்புச் செய்வதில் முதலிரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிடும். வழிபாட்டை விலக்குமாறு யாம் கூறவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் வைத்தியசாலைக்கும் போகுமாறே கூறுகின்றோம். மூன்றாவது, நம் மண் பட்ட துன்பங்கள். 1978ஆம் ஆண்டுச் சூறாவளி, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை, 2009 வரை நீண்ட போர் என்பவற்றால், 'பயந்து பேச்சு நின்றது' என்னும் விளக்கம் நமக்குக் கைவந்த ஒன்றாயிற்று. பேரச்சத்தால் பேச்சடங்குதலும் உண்மையே. ஆனால் அஃது வேறு, இது வேறு. ஓட்டிசத்தின் அறிகுறிகள் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே தோன்றுவன. காது கேளாமையும் வேறு. ஆதலின் பேச்சுத் தாமதிக்கும் எந்தப் பிள்ளைக்கும் முதற்கண் கேள்விச் சோதனை செய்வித்தல் வேண்டும்.

நான்காவது, தாயைப் பழித்தல். இஃது நம் ஊர்க்கு மட்டும் உரிய குற்றமன்று. தாயின் அன்பின்மையே ஓட்டிசத்தை விளைக்கின்றது என்று மேலைநாட்டு அறிஞரே 1950களிலும் 1960களிலும் எழுதினர். 1964இல் பேணாட் றிம்லன்ட் என்பார் அக்கருத்தை மறுத்து நூல் எழுதினார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்த சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் என்போர், பரம்பரை இயல்பே இதில் பெரும்பங்கு பெறுகின்றது என்று காட்டினர். தாயைப் பழிக்கும் கொள்கை அறிவுலகில் அன்றே வீழ்ந்தது. நம் அயலவர் வாயினின்றுதான் இன்னும் வீழவில்லை. அவ்வாறே தடுப்பூசியால் இது விளைகின்றது என்று 1998இல் வெளிவந்த கட்டுரை, 2010இல் அதே சஞ்சிகையால் மீளப்பெறப்பட்டது. டென்மார்க்கில் 6,57,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து நோக்கி 2019இல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று நிறுவியது. இக்கதையை நம்பித் தடுப்பூசியைத் தவிர்ப்போர், இல்லாத இடருக்கு அஞ்சிச் சின்னமுத்து என்னும் உள்ள இடரைத் தேடிக்கொள்வோராவர்.

8. ஆசிரியர் செய்யத்தக்கன

ஓட்டிசம் என்று பெயரிடுதல் ஆசிரியர் பணியன்று; அது பயிற்சி பெற்ற வைத்தியருக்கு உரியது. கண்டதைக் குறித்துவைத்தலும், பெற்றோரிடம் மென்மையாக எடுத்துரைத்தலும், வழிகாட்டுதலுமே ஆசிரியர்க்கு உரியன. குழந்தைகளாயின் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் முதல் வாயில். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டையும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. பள்ளிப் பிள்ளைகளாயின் வைத்தியசாலையின் பிள்ளைநல வைத்தியரிடமோ மனநலப் பிரிவிடமோ அனுப்பலாம். பேச்சுச் சிகிச்சையும் தொழில்வழிச் சிகிச்சையும் காலத்தே கிடைப்பின் பயன் மிகும். முற்றாகக் குணப்படுத்துவோம் என்று பணம் பெறுவோரை நம்புதல் ஆகாது.

வகுப்பறையில் செய்யத்தக்கன பொருட்செலவு வேண்டாதவை. அன்றைய பாடங்களின் ஒழுங்கைக் காலையிலேயே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தல். இயலுமாயின் படமாக வரைந்துவைத்தல். ஒழுங்கு மாறுமாயின் முன்கூட்டி அறிவித்தல். கட்டளையைச் சுருக்கமாக, ஒவ்வொன்றாக, நேர்ப்பொருள் தரும் சொற்களாற் கூறுதல். வினவியபின் பத்து எண்ணும் அளவு காத்திருத்தல். 'என் முகத்தைப் பார்த்துப் பேசு' என்று வற்புறுத்தாதிருத்தல். முகத்தை நோக்காமலே செவிகொடுப்போர் இவர். பாண்ட் வாத்தியமும் ஒலிபெருக்கியும் முழங்கும் விழா நாளில், காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை அடங்காதவன் என்று தண்டியாது, அமைதியான ஓரிடத்தில் இருக்கவிடுதல். புகைவண்டி அட்டவணையிலோ பறவைகளிலோ பிள்ளை கொண்ட நாட்டத்தைத் தடுக்காது, அதனையே கட்டுரைப் பொருளாகக் கொடுத்தல். எல்லாவற்றினும் மேலாக, சக மாணாக்கரின் எள்ளலினின்றும் காத்தல். பிரம்பு இவ்விடரை மாற்றியதாக எங்கும் சான்றில்லை. அச்சத்தைக் கூட்டியதற்கே சான்று உண்டு.

இது கருணையின்பாற்பட்டது மட்டுமன்று, உரிமையின்பாற்பட்டதும் ஆகும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத் திறனுடைமை காரணமாக எவரையும் கல்வி நிலையத்தில் சேர்க்க மறுத்தலைத் தடுக்கின்றது. 1997இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்ட கல்வி, 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. அக்கட்டாயம் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. வரும் பிள்ளையை ஏற்கவேண்டிய பாடசாலைக்கும் உரியதே. சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. அவை பிள்ளையைச் சாதாரண வகுப்புக்கு ஆயத்தஞ்செய்யும் வாயிலாக அமைதல் வேண்டும்; அங்கேயே நிறுத்திவைக்கும் கொட்டிலாக மாறுதல் கூடாது.

9. கடல்கடந்த பழைய மாணவர்க்கு

இலண்டனிலும் தொரன்றோவிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அந்நாடுகளில் பிள்ளைக்கு ஓட்டிசம் என்று அறிந்ததும், 'இரு மொழி இவனைக் குழப்பும். ஆங்கிலம் ஒன்றே போதும்' என்று வீட்டிலிருந்து தமிழை விலக்குவாருளர். இம்முடிவுக்கு ஆராய்ச்சி துணைநிற்கவில்லை. இரு மொழிச் சூழலில் வளரும் ஓட்டிசப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சி, ஒரு மொழிச் சூழலில் வளரும் அத்தகைய பிள்ளைகளினது வளர்ச்சியினும் குறைவதில்லை என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. தாயும் அம்மம்மாவும் தம்முள் இயல்பாகப் பேசும் மொழியைப் பிள்ளைக்கு மட்டும் மறுத்தல், உறவாடலில் ஏற்கனவே இடர்ப்படும் பிள்ளைக்கு வீட்டிலுள்ள உறவையும் அரிதாக்குவதாகும். ஆதலின் தயங்காது தமிழிற் பேசுக. அங்கே இப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும் துணையைக் கண்டறிந்தோர், அவ்வறிவைத் தமிழில் எழுதி நம் பாடசாலைகளுக்கு அனுப்புதலும் நல்ல தொண்டாகும்.

முடிவுரை

இக்கட்டுரையிற் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஓட்டிசம் அரிதன்று, நூற்றுக்கு ஒருவர் அளவினரேனும் அந்நிலையினர். எண்ணிக்கை ஏறியமைக்குப் பெருங்காரணம் நாம் கண்திறந்தமையே. இந்நிலையினருட் பலர் சாதாரண வகுப்பறையிலேயே அறியப்படாது அமர்ந்துள்ளனர். தாயின் குற்றமோ, ஊசியின் குற்றமோ, தெய்வக் குற்றமோ இதற்குக் காரணமன்று.

விழாக் காலத்தில் பழைய மாணவர் சங்கங்கள் கட்டிடமும் மைதானமும் அளித்தல் மரபு. அவற்றோடு, ஆசிரியர்க்கு இத்துறையில் ஒருநாட் பயிற்சியும், பேச்சுச் சிகிச்சையாளர் தவணைக்கு ஒருமுறை பாடசாலைக்கு வந்துபோகும் ஒழுங்கும், இரைச்சல் எட்டாத சிறு அறையொன்றும் அமைத்துக் கொடுப்பின், ஆயிரம் பிள்ளைகளுள் மறைந்திருக்கும் அந்தப் பதின்மருக்கும் இந்த விழா உரியதாகும். அடுத்த விழா மலரின் வெற்றிப் பட்டியலில், பத்தாண்டு முன் பேசாதிருந்த பிள்ளையொருவன் பெயரும் இடம்பெறுக. வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் அறப்பணி!